மறதிநோய் இல்லம்: நேரில் போகும்போது எதைப் பார்க்க வேண்டும்?

சிறுவாணி கேட்டது:

அப்பாவுக்கு 77 வயது. அல்சைமர், நடுக்கட்டம் என்று நரம்பியல் டாக்டர் சொல்லியிருக்கிறார். சர்க்கரைக்கு இரவில் இன்சுலின், பி.பி. மாத்திரை. நன்றாக நடக்கிறார், தட்டில் வைத்தால் தானே சாப்பிடுகிறார். குளிக்கச் சொன்னால் கோபம். சாயங்காலம் ஆனால் "வீட்டுக்குப் போகணும்" என்று கதவை இழுக்கிறார். நூற்பாலையில் ஃபிட்டராக இருந்தவர், இன்றும் விடியற்காலை 4 மணிக்கு எழுந்து ஷிப்டுக்குக் கிளம்புகிறார். அம்மாவுக்கு இரண்டு முழங்காலும் முடியவில்லை, வீட்டில் வைத்துச் சமாளிக்க வழியில்லை.

கோவையிலும் சுற்றுவட்டாரத்திலும் மூன்று இல்லங்களைத் தேர்ந்து வைத்திருக்கிறோம். மாதம் 28,000 முதல் 55,000 ரூபாய் வரை சொல்கிறார்கள். போனில் பேசினால் மூன்றும் ஒரே மாதிரிதான்: 24 மணி நேர நர்ஸ், வீட்டுச் சாப்பாடு, யோகா, தோட்டம், கேமரா. நேரில் போகும்போது எதைப் பார்த்தால் உண்மை தெரியும்? என்ன கேட்க வேண்டும்?

---

ஈரோடு செவிலி பதில்:

முதல் தடவை அவர்கள் சொன்ன நேரத்துக்குப் போங்கள். இரண்டாம் தடவை சொல்லாமல், சாயங்காலம் நாலரைக்கும் ஏழுக்கும் நடுவில் போங்கள். காலை 11 மணிக்கு எந்த இல்லமும் நன்றாகத்தான் இருக்கும். எல்லோரும் குளித்து, பவுடர் பூசி, ஹாலில் உட்கார்ந்திருப்பார்கள். வெளிச்சம் மங்கும் நேரத்தில்தான் மறதிநோயருக்குப் பதற்றம் ஏறுகிறது. பகல் ஆட்கள் கிளம்பி இரவு ஆட்கள் வருவதும் பெரும்பாலும் அதையொட்டித்தான். உங்கள் அப்பாவுக்கும் அதுதான் சிக்கலான நேரம் என்பதால், அவரைப் போன்ற ஒருவரை அங்கே என்ன செய்கிறார்கள் என்று கண்ணால் பார்த்துவிடலாம். அறைக்குள்ளும் குளியலறைக்குள்ளும் விடமாட்டோம் என்றால் நியாயம், அங்கே இருப்பவர்களுக்கும் மானம் மரியாதை உண்டு. பொது ஹாலுக்கே விடமாட்டோம் என்றால் அந்த இல்லத்தைப் பட்டியலிலிருந்து அடித்துவிடுங்கள்.

ஹாலில் கால் மணி நேரம் சும்மா உட்காருங்கள். யாராவது "வீட்டுக்குப் போகணும்" என்று எழுந்து வருவார். பழகிய அட்டெண்டர் அவருக்கு முன்பக்கமாக வந்து, கண்ணைப் பார்த்து, "போலாம்ங்கப்பா, காபி ஆறிடும், குடிச்சிட்டுக் கிளம்பலாம்" என்று கையைப் பிடித்து நாலு எட்டு கூடவே நடப்பார். பழகாதவர் தூரத்தில் நின்று "உக்காருங்க தாத்தா, உக்காருங்க" என்று சத்தம் போடுவார். எனக்கு மதிப்பெண் போடச் சொன்னால் பாதி மதிப்பெண்ணை இதற்கே கொடுப்பேன்.

அங்கே தங்கியிருப்பவர்களைப் பாருங்கள், அதிலும் கைகால்களைப் பாருங்கள். நகம் வெட்டியிருக்கிறதா, விரலிடுக்கில் பழைய சோறு காய்ந்திருக்கிறதா, ஆண்களுக்கு முகம் மழித்திருக்கிறதா, மூக்குக் கண்ணாடி துடைத்திருக்கிறதா, அவரவர் செருப்பைத்தான் போட்டிருக்கிறார்களா. பல்செட்டும் காது மிஷினும் காணாமல் போவது இல்லங்களில் அடிக்கடி நடக்கும். பெயர் எழுதி வைக்கிறார்களா என்று கேளுங்கள். ஓர் இடத்தில் மூத்திர வாடை வந்தால் அது சற்று முன் நடந்த விபத்து, அதைக் குறையாக எடுக்காதீர்கள். வீடு முழுக்க வாடையும் அதற்கு மேல் பினாயிலும் அடித்தால் டயப்பரை நேரத்துக்கு மாற்றுவதில்லை. தண்ணீர் டம்ளர் கைக்கு எட்டும் இடத்தில் இருக்கிறதா என்றும் பாருங்கள். தாகம் எடுப்பதைச் சொல்லத் தெரியாதவர்கள், யாராவது நீட்டினால்தான் குடிப்பார்கள்.

மதியச் சாப்பாட்டு வேளையில் ஒரு கணக்குப் போடலாம். ஊட்டிவிட வேண்டியவர்கள் எத்தனை பேர் என்று எண்ணுங்கள். ஒருவருக்கு அவசரமில்லாமல் ஊட்ட 25 நிமிடமாவது ஆகும். ஆறு பேர் என்றால் 150 நிமிட வேலை. இரண்டு அட்டெண்டர்கள் இருந்தால் ஒன்றேகால் மணி நேரம் பிடிக்க வேண்டும். அரை மணியில் தட்டுகளைக் கழுவப் போட்டுவிட்டார்கள் என்றால், வாயில் திணித்திருக்கிறார்கள் அல்லது பாதியில் எடுத்திருக்கிறார்கள். திணித்தால் உணவு மூச்சுக்குழாய்க்குள் போய் நிமோனியா வரலாம். நிமிர்ந்து உட்கார வைத்து ஊட்டுகிறார்களா, சாப்பிட்ட பிறகு அரை மணி நேரமாவது படுக்க விடாமல் வைத்திருக்கிறார்களா என்பதையும் கவனியுங்கள்.

"நாலு பேருக்கு ஒருவர்" என்று சொல்லும் விகிதத்தை அப்படியே எடுத்துக்கொள்ளாதீர்கள். சமையல்காரர், டிரைவர், மேனேஜர் எல்லோரையும் கூட்டி வகுத்திருப்பார்கள். கேட்க வேண்டியது இதுதான்: "நேற்று ராத்திரி 8 மணியிலிருந்து காலை 8 வரை இந்தத் தளத்தில் யார் யார் இருந்தார்கள், எத்தனை பேரைப் பார்த்தார்கள், விழித்திருந்தார்களா, அங்கேயே பாய் போட்டுப் படுத்திருந்தார்களா?" டியூட்டி ரெஜிஸ்டரைக் காட்டச் சொல்லுங்கள். பகலில் நடமாடும் மறதிநோயர் ஐந்து பேருக்கு ஒரு அட்டெண்டர், இரவில் பத்துப் பேருக்கு விழித்திருக்கும் ஒருவராவது, அதற்கு மேல் படித்த நர்ஸ் ஒருவர் என்று இருந்தால் ஏற்றுக்கொள்ளலாம் என்பது என் அளவுகோல். விடியற்காலை 4 மணிக்கு எழும் உங்கள் அப்பாவைப் பார்த்துக்கொள்ளப் போவது அந்த இரவு ஆள்தான். 4 மணிக்கு எழுந்தால் என்ன செய்வீர்கள் என்று நேராகக் கேளுங்கள். "டீ போட்டுக் கொடுத்து உட்கார வைப்போம்" என்றால் சரி. "6 மணி வரைக்கும் ரூமைப் பூட்டியிருப்போம்" என்றால் வேண்டாம்.

குளியலுக்கும் அதே கேள்வி: "மாட்டேன்னு சொன்னா என்ன செய்வீங்க?" விட்டுவிட்டு அரை மணி கழித்து வருவோம், வேறு ஆளை அனுப்புவோம், துண்டு போர்த்தி வெந்நீரைக் காலிலிருந்து ஊற்றுவோம், ஒன்றும் முடியாத நாளில் ஈரத்துணியால் துடைத்துவிடுவோம் என்பதெல்லாம் தெரிந்தவர் சொல்லும் பதில். "அதெல்லாம் எப்படியும் குளிப்பாட்டிடுவோம்" என்றால், இரண்டு பேர் பிடித்துக்கொண்டு தலையில் தண்ணீர் ஊற்றுகிறார்கள் என்று அர்த்தம்.

---

ராஜவீதி பதில்:

செவிலி சொன்னதோடு மாத்திரை விஷயத்தைச் சேர்க்கிறேன். சாயங்காலம் போய்ப் பார்க்கும்போது இல்லம் அமைதியாக இருந்தால் உடனே சந்தோஷப்பட்டுவிடக் கூடாது. நாற்காலியில் தலை சாய்ந்து, வாய் திறந்து, பாதிப் பேர் தூங்கிக்கொண்டிருந்தால் அது மாத்திரை கொடுத்து வாங்கிய அமைதி.

கேட்க வேண்டிய கேள்வி: இங்கே இருப்பவர்களில் எத்தனை பேருக்குக் குவெட்டியாபின், ரிஸ்பெரிடோன், ஓலான்சபின், ஹாலோபெரிடால், லோராசிபாம் கொடுக்கிறீர்கள்? யார் எழுதிக் கொடுத்தது? எப்போது குறைப்பீர்கள்? இவற்றில் லோராசிபாம் பதற்றத்துக்கும் தூக்கத்துக்குமான மாத்திரை, மற்ற நான்கும் மனநோய் மாத்திரைகள். மனநோய் மாத்திரைகள் மறதிநோய் உள்ள முதியவர்களில் இறப்பு அபாயத்தைக் கூட்டுகின்றன என்று அமெரிக்க மருந்து நிர்வாகம் 2005இல் கடும் எச்சரிக்கை விட்டது. 2008இல் பழைய வகை மாத்திரைகளையும் அதில் சேர்த்தது. கொடுக்கவே கூடாது என்பதில்லை. தன்னையோ பிறரையோ அடித்துக் காயப்படுத்தும் நிலையில், குறைந்த அளவில், குறைந்த காலம் கொடுப்பார்கள். ஆறு வாரத்துக்கு ஒருமுறையாவது தேவைதானா என்று பார்க்க வேண்டும் என்கிறது பிரிட்டனின் வழிகாட்டுதல். "வந்தவுடனே எல்லாருக்கும் ராத்திரிக்கு ஒண்ணு" என்ற வழக்கம் இருக்கும் இடத்தில் விழுவதும் இடுப்பெலும்பு முறிவதும் கூடவே வரும். லூயி உடல் வகை (அல்சைமர் அல்லாத இன்னொரு வகை) மறதிநோய் என்றால் ஹாலோபெரிடால் உயிருக்கே ஆபத்தாக முடியலாம். அப்பாவுக்கு அல்சைமர் என்று டாக்டர் எழுதிய தாளின் நகலை இல்லத்தில் கொடுத்து வையுங்கள்.

மனநோய் மாத்திரையால் வரும் கைநடுக்கத்துக்கு என்று பின்னாலேயே ட்ரைஹெக்சிபெனிடில் என்ற மாத்திரையைச் சேர்ப்பார்கள். அது ஞாபகத்தை மேலும் கெடுக்கும், மலச்சிக்கலும் சிறுநீர் அடைப்பும் வரும்.

திடீரென்று ஒருவர் ஒரே நாளில் அதிகமாகக் குழம்பினால் இல்லம் முதலில் என்ன செய்கிறது என்று கேளுங்கள். காய்ச்சல், சர்க்கரை, பி.பி. பார்த்து, சிறுநீர்த் தொற்றா, மலம் கட்டியிருக்கிறதா, எங்காவது வலியா என்று தேடுவோம் என்று சொல்ல வேண்டும். "டாக்டருக்குப் போன் செய்து மாத்திரையைக் கூட்டுவோம்" என்பது தவறான பதில்.

உங்கள் அப்பாவுக்கு இன்சுலின் இருப்பதால் இன்னொன்று. ஊசி போட்டுவிட்டு அவர் சாப்பிட மறுத்தால் நள்ளிரவில் சர்க்கரை விழும். மறதிநோயர் தலைசுற்றுகிறது என்று சொல்லமாட்டார், வெறுமனே ஆவேசமாக இருப்பார், அல்லது அசந்து தூங்குவது போலக் கிடப்பார். சாப்பாட்டைப் பார்த்துவிட்டு ஊசி போடலாமா, எவ்வளவு சாப்பிட்டால் எத்தனை யூனிட், சர்க்கரை எந்த அளவுக்குக் கீழே போனால் ஊசியை நிறுத்த வேண்டும் என்பதை, இல்லத்தில் சேர்க்கும் முன்பே உங்கள் டாக்டரிடம் எழுதி வாங்கிக் கொடுங்கள். இந்த நிலையில் சர்க்கரையை மிக இறுக்கமாகப் பிடிக்க வேண்டியதில்லை. மூன்று மாத சர்க்கரைச் சராசரி (HbA1c) 8 வரை இருக்கலாமா என்றும் கேளுங்கள். ஊசி போடுவது நர்ஸா அட்டெண்டரா என்பதை இல்லத்தில் கேட்டுக்கொள்ளுங்கள்.

மூக்கில் ரைல்ஸ் டியூப் (உணவு செலுத்தும் குழாய்), சிறுநீருக்கு டியூப் போட்டவர்கள் நிறையப் பேர் தெரிந்தால் ஏன் என்று கேளுங்கள். முற்றிய மறதிநோயில் டியூப் வழி உணவு ஆயுளைக் கூட்டுவதாக ஆதாரமில்லை. கையால் ஊட்ட ஆள் போதாத இடத்தில் டியூப் பெருகும்.

---

அனுவாவி பதில்:

கட்டடத்தைக் கொஞ்சம் தள்ளி வைத்துப் பேசுகிறீர்கள். எனக்கு அதில் முழு உடன்பாடு இல்லைங்க. மார்பிளும் தோட்டமும் வேண்டாம், சரி. ஆனா நடமாடுற நோயாளிக்குக் கட்டடமும் ஒரு அட்டெண்டர்தான்.

பளபளன்னு மின்னுற டைல்ஸ் அவங்க கண்ணுக்கு ஈரமாத் தெரியும், காலை வைக்கத் தயங்குவாங்க. வாசல்ல கறுப்பு மிதியடி போட்டா குழின்னு நினைச்சுத் தாண்டப் பார்த்து விழுவாங்க. வெள்ளைச் சுவர், வெள்ளைத் தரை, வெள்ளை வெஸ்டர்ன் டாய்லெட்னா எங்க உட்காருறதுன்னே தெரியாது. சீட்டு மட்டும் நீலமோ சிவப்போ இருக்கா பாருங்க. கட்டில்ல இருந்தே டாய்லெட் கதவு தெரியணும், கதவுல படம் ஒட்டியிருக்கணும், ராத்திரி உள்ளே விளக்கு எரியணும். ரெண்டு பக்கமும் கைப்பிடிக் கம்பி இருக்கணும், நீங்களே பிடிச்சு இழுத்துப் பாருங்க, ஆடுச்சுன்னா பிரயோஜனம் இல்லை.

கட்டில் உயரம்: ஓரத்துல உட்கார்ந்தா பாதம் முழுசாத் தரையில படியணும். பக்கவாட்டுக் கம்பி போட்டுப் பத்திரமா வச்சிருக்கோம்னு பெருமையாச் சொல்லுவாங்க. நடக்கத் தெரிஞ்சவர் அதைத் தாண்டி ஏறி, இன்னும் உயரத்துல இருந்து விழுவார். தாழ்வான கட்டிலும் கீழே மெத்தைப் பாயும்தான் அவருக்குப் பத்திரம்.

வெளி கேட் பூட்டியிருக்கலாம். உள்ளே சுத்தி நடந்து புறப்பட்ட இடத்துக்கே வர்ற மாதிரி பாதை இருந்தா, கதவை இழுக்கிற வேலை பாதியாக் குறையும். முட்டுச்சந்துல முடியுற வராந்தாவுல கடைசிக் கதவைத்தான் எல்லாரும் தட்டுவாங்க. மொட்டை மாடிப் படி, கிணறு, தண்ணித் தொட்டி மூடி, சமையலறைக் கேஸ், பினாயில் டப்பா இதெல்லாம் எட்டாம இருக்கான்னு பாருங்க. தீப்பிடிச்சா பூட்டின கதவை யார் திறப்பாங்க, ராத்திரி ஆள்கிட்ட சாவி இருக்கான்னு கேளுங்க. மேனேஜர் ரூம்ல இருக்குன்னா அது பதில் இல்லை.

இன்னொண்ணு, பாஷை. வடமாநிலத்துப் பிள்ளைங்க நிறையப் பேர் இந்த வேலைக்கு வர்றாங்க, நல்லாவும் பார்த்துக்கிறாங்க. ஆனா மறதிநோயருக்குத் தாய்பாஷை மட்டும்தான் கடைசி வரைக்கும் நிக்கும். ஒவ்வொரு ஷிப்டுலயும், முக்கியமா ராத்திரி, தமிழ் பேசுறவங்க ஒருத்தராவது இருக்கணும். வயித்து வலின்னு அப்பா சொன்னா புரியணும் இல்லையா?

---

சிறுவாணி:

மூவருக்கும் மிக்க நன்றி. இரண்டு சந்தேகம். ஓர் இல்லத்தில் "முதல் 30 நாள் வீட்டார் யாரும் வரக்கூடாது, வந்தால் அவர் செட் ஆகமாட்டார்" என்றார்கள். இன்னோர் இல்லத்தின் ஒப்பந்தத்தில் "பாதுகாப்புக் கருதித் தேவைப்படும்போது கட்டி வைக்கச் சம்மதிக்கிறேன்" என்று ஒரு வரி இருக்கிறது. இதெல்லாம் எல்லா இடத்திலும் உள்ளதுதானா? அப்பா பெயரில் இருக்கும் வங்கிக் கணக்குக்கு பவர் எழுதி வாங்கினால் போதுமா?

---

காவிரிக்கரை பதில்:

கட்டி வைக்கும் வரியில் கையெழுத்துப் போடாதீர்கள். மனநலப் பராமரிப்புச் சட்டம் 2017இன் 97ஆம் பிரிவு இதைத் தெளிவாகச் சொல்கிறது. உடனடி ஆபத்தைத் தடுக்க வேறு வழியே இல்லாதபோது மட்டும், பொறுப்பு மனநல மருத்துவரின் அனுமதியோடு, தேவையான நேரம் மட்டும் கட்டுப்படுத்தலாம். ஏன், எப்படி, எவ்வளவு நேரம் என்று மருத்துவக் குறிப்பில் எழுத வேண்டும். நோயாளிக்காகப் பேச நியமிக்கப்பட்ட பிரதிநிதிக்கு 24 மணி நேரத்துக்குள் சொல்ல வேண்டும். ஆள் பற்றாக்குறையைக் காரணம் காட்டவோ தண்டனையாகவோ செய்யக் கூடாது. தனியறையில் அடைப்பதற்கு அனுமதியே இல்லை. முன்கூட்டியே பொத்தாம்பொதுவாக வாங்கும் சம்மதம் இதில் எதையும் நிறைவேற்றுவதில்லை. அந்த வரியை அடித்துத் தாருங்கள் என்று கேளுங்கள், எப்படிப் பதில் சொல்கிறார்கள் என்பதிலேயே இல்லத்தின் குணம் தெரியும். கயிறும் துணியும் மட்டும்தான் கட்டு என்று நினைக்க வேண்டாம். எழ முடியாதபடி நாற்காலிக்கு முன்னால் மேசையை முட்டுக் கொடுத்து வைப்பதும் அதே கணக்கில்தான் வரும்.

அந்தச் சட்டம் மனநோய்க்குத் தரும் வரையறையில் நினைவாற்றலும் இடம், காலம் அறியும் திறனும் கடுமையாகக் கெடுவதும் அடங்கும். ஆகவே முதியோர் இல்லம் என்ற பதிவு மட்டும் இருக்கிறதா, மாநில மனநல ஆணையத்தின் பதிவும் இருக்கிறதா என்று கேட்டு, சான்றிதழின் தேதியைப் பாருங்கள். தீயணைப்புத் துறைச் சான்றையும் பாருங்கள்.

பவர் பத்திரம் போதாது. எழுதிக் கொடுத்தவர் சித்த சுவாதீனம் இழந்தால் பவர் முடிந்துவிடும் என்பது இந்திய ஒப்பந்தச் சட்டம் 201ஆம் பிரிவு. அப்பா இன்று என்ன புரிந்து கையெழுத்திடும் நிலையில் இருக்கிறார் என்பதை டாக்டரிடம் எழுத்தில் வாங்கிக்கொண்டு வங்கியில் பேசுங்கள். முடியாத நிலை என்றால் உயர் நீதிமன்றத்தில் பாதுகாவலராக நியமிக்கக் கோரலாம். ஓய்வூதியம் ஈ.பி.எப். வழி வருகிறது என்றால் உயிர்வாழ் சான்றை வருடத்தில் எந்த மாதமும் கொடுக்கலாம், கொடுத்த நாளிலிருந்து ஒரு வருடம் செல்லும். மில் வேலை பார்த்தவர்களுக்கு ரேகை தேய்ந்து இயந்திரத்தில் விழாமல் போகும். முகத்தைக் காட்டிப் பதியும் வசதி போனிலேயே இருக்கிறது, இல்லத்தில் உட்கார்ந்தபடி முடித்துவிடலாம்.

ஒப்பந்தத்தில் பணத்தைவிட வெளியேற்றும் விதியை முதலில் படியுங்கள். எந்த நடத்தைக்கு, எத்தனை நாள் அவகாசத்தில், "கூட்டிக்கொண்டு போங்கள்" என்பார்கள்? மறதிநோய் இல்லம் என்று பலகை வைத்துவிட்டு, கத்தினார், அடித்தார் என்று இரண்டே நாளில் அனுப்பும் இடம் உங்களுக்கு உதவாது. படுத்த படுக்கையானாலும் வைத்துக்கொள்வார்களா, கடைசிக் காலம் வரை பார்ப்பார்களா, இறப்புச் சான்றுக்கு டாக்டர் யார் என்பதையும் இப்போதே கேட்க வேண்டும். கேட்கச் சங்கடமாக இருக்கும், கேட்டுவிடுங்கள்.

பணத்தில்: டெபாசிட் எத்தனை நாளில் திரும்பும், டயப்பர், மருந்து, டாக்டர் கட்டணம், ஆஸ்பத்திரியில் சேர்த்தால் கூட இருக்கும் ஆளுக்குக் கூலி இவை தனியா, ஆஸ்பத்திரியில் இருக்கும் நாளுக்கும் முழு வாடகையா, நிலை மோசமானால் கட்டணம் எவ்வளவு கூடும். 28,000 சொல்லும் இடமும் 40,000 சொல்லும் இடமும் இவற்றைக் கூட்டினால் ஒரே தொகைக்கு வரலாம். ஜி.எஸ்.டி. உண்டா என்றும் கேளுங்கள். வருமான வரிப் பதிவு பெற்ற அறக்கட்டளை நடத்தும் முதியோர் இல்லத்தில் 60 வயதோ அதற்கு மேலோ ஆனவருக்கு மாதம் 25,000 ரூபாய் வரை விலக்கு உண்டு.

---

ஈரோடு செவிலி பதில்:

30 நாள் வராதே என்பதை ஒத்துக்கொள்ளாதீர்கள். சாயங்காலம் வந்தால் கிளம்பும்போது அழுவார், அதனால் முதல் வாரம் காலையில் வாருங்கள், பின்வாசல் வழியாகப் போங்கள் என்று சொன்னால் அதில் அர்த்தம் இருக்கிறது. ஒரு மாதத்தில் எடை மூன்று கிலோ குறையலாம், குதிகாலில் புண் வந்து ஆறாமல் நிற்கலாம். இரண்டையும் வீட்டார் கண்ணில் படாமல் வைக்கும் விதி அது.

இரண்டு முதல் நாலு வாரம் சோதனையாகத் தங்க வைக்கச் சம்மதமா என்று கேளுங்கள். கொண்டுவிடும் நாளில் ஒரே ஒரு பக்கத்தில் அவரைப் பற்றி எழுதிக் கொடுங்கள். எப்படிக் கூப்பிட்டால் திரும்புவார், என்ன வேலை பார்த்தார், 4 மணிக்கு ஏன் எழுகிறார், காபியா டீயா, சர்க்கரை இல்லாமலா, எதற்குப் பயப்படுவார், எந்தப் பாட்டுக்கு அமைதியாவார், ராத்திரி எத்தனை மணிக்குச் சிறுநீருக்கு எழுவார், எந்தப் பேச்சை எடுக்கக் கூடாது. கையில் ஒரு பழைய ஸ்பேனரும் நட்டு போல்ட்டும் கொடுத்தால் அரை மணி உட்காருவார் என்றால் அதையும் எழுதுங்கள். மேனேஜரின் ஃபைலுக்குள் வைக்காமல் கட்டில் பக்கத்துச் சுவரில் ஒட்டச் சொல்லுங்கள், ராத்திரி ஆள் அதைப் படித்தால்தான் பலன்.

அன்றைக்கே அவர்கள் முன்னால் எடை போட்டு எழுதுங்கள். உடம்பில் இருக்கும் காயம், தழும்பு எல்லாவற்றையும் போட்டோ எடுத்து இரு தரப்பும் வைத்துக்கொள்ளுங்கள். அப்புறம் மாதா மாதம் எடை. ஒரு மாதத்தில் 5 சதவீதம், ஆறு மாதத்தில் 10 சதவீதம் குறைந்தால் காரணம் தேட வேண்டும். 60 கிலோ ஆளுக்கு அது 3 கிலோ, 6 கிலோ.

போகும்போதெல்லாம் சாக்ஸைக் கழற்றிக் குதிகாலைப் பாருங்கள். சர்க்கரை இருப்பதால் விரலிடுக்கையும் பாருங்கள். அழுத்தினால் வெளுக்காத சிவப்பு இருந்தால் புண்ணின் முதல் கட்டம். நடந்துகொண்டிருந்தவருக்கு அது வந்தால், நாள் முழுக்க ஒரே இடத்தில் கிடக்கிறார் என்று அர்த்தம். அன்றைக்கே மாத்திரைச் சார்ட்டை வாங்கி, புதிதாக எது சேர்ந்திருக்கிறது என்று பாருங்கள்.